தரையிலிருந்து எழுந்து காட்டு

என் கால்கள் முன்னைவிட மோசமாகிவிட்டன என்று அரசாங்கத்துக்குச் சொல்வதா வேண்டாமா என்று ஒரு மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் பேச்சு நடந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. நான் வேலைக்குப் போவது நின்றுவிடும்.

என் ஊர் கிளியனூருக்குப் பக்கம். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததே என்னைச் சேர்ப்பதற்காகத்தான். திண்டிவனத்தில் பி.காம். முடித்துவிட்டு, பாண்டிச்சேரி ரோட்டோரம் இருக்கும் இ-சேவை மையத்தில் சேர்ந்தேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாற்றம், யாருக்கு எது வேண்டுமானாலும் என் மேசைக்குத்தான் வர வேண்டும். நான் இருக்கிறேனா என்பதை, "பவித்ரா கீதா?" என்று வாசலிலேயே கேட்பார்கள். நான் இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடுவார்கள். அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கல்லூரியில் படிக்கும்போதே நோய் தொடங்கிவிட்டது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் பஸ் படியில் வலது காலை வைத்தேன். இடது கால் தரையைவிட்டு வரவில்லை. "ஏறும்மா, ஜல்தி ஏறு" என்று பின்னாலிருந்து தள்ளினார்கள். உள்ளூர் டாக்டர் ரத்தம் குறைவு என்று சத்து ஊசி போட்டார். பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் தின்றுகொண்டே ஒரு வருடம் போனது. கடைசியில் விழுப்புரத்து அரசு மருத்துவமனைக்குப் போனோம்.

அங்கே முதலில் சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனை. தசை சிதையும்போது அதற்குள்ளிருந்து கசிந்து ரத்தத்தில் கலக்கும் ஒரு பொருளை அளப்பார்கள். எனக்கு வந்த அளவை நம்பாமல் ஆய்வகத்துப் பெண் இரண்டாம் முறை ரத்தம் எடுத்தாள். பிறகு இ.எம்.ஜி. தொடைத் தசைக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி, காலை மடக்கு, நீட்டு என்பார்கள். தசையின் மின்துடிப்பு ஒரு பெட்டி வழியாகச் சத்தமாகக் கேட்கும். எனக்குத் தகரக் கூரையில் தூறல் விழுவதுபோலக் கேட்டது. அங்கே கேட்டிருக்க வேண்டியது அடைமழை என்பதை டாக்டரின் முகம் சொன்னது.

நோயின் பெயர் லிம்ப் கர்டில் மஸ்குலர் டிஸ்ட்ரோபி. இடுப்பையும் தோளையும் சுற்றியுள்ள தசைகள் வருடக்கணக்கில் மெல்ல இளைத்துக்கொண்டே போகும். வலிக்காது. திரும்பியும் வராது.

"சொந்தத்துல கல்யாணமா?" என்று டாக்டர் அம்மாவைக் கேட்டார்.

"எங்க மாமாவைத்தான் சார் கட்டிக்கினேன். எங்கம்மாகூடப் பொறந்த தம்பி."

இருவர் உடம்பிலும் ஒரே குறை வெளியே தெரியாமல் இருந்திருக்கும், இரண்டும் ஒரு குழந்தையிடம் வந்து சேர்ந்தால் நோயாகும், இது யாருடைய தப்பும் இல்லை என்று அவர் பொறுமையாகச் சொன்னார். கடைசி வாக்கியத்தை அம்மா கேட்டதாகத் தெரியவில்லை. அன்று முதல் தெருவில் நடக்கும்போது என் இடுப்பைச் சுற்றிக் கை போட்டுக்கொள்ளத் தொடங்கினாள். பார்ப்பவர்களுக்கு அம்மாவும் மகளும் கொஞ்சிக்கொண்டு போவதாகத் தோன்றும். என் எடையில் பாதி அந்தக் கையில் இருக்கும்.

ஊனச் சான்றுக்கான முதல் மருத்துவக் குழுவுக்கும் அப்படித்தான் போனோம். அம்மா பீரோவிலிருந்து மாம்பழக் கலர்ப் புடவையை எடுத்துக் கொடுத்தாள். "நாலு பேரு பாக்குற எடம். பிச்சைக்கு வந்தவ மாதிரியா போவ?" தலை நிறையப் பூ. டாக்டர் நிமிர்ந்து பார்த்து, "எப்படிம்மா இருக்க?" என்றார்.

"நல்லா இருக்கேன் சார்."

வேறு என்ன சொல்வது? பெரியவர் ஒருவர் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் அப்படிச் சொல்லித்தானே வளர்ந்திருக்கிறோம்.

"படி ஏறுவியா?"

"ஏறுவேன் சார்."

"தரையில உக்காந்து எழுந்திரிப்பியா?"

"எழுந்திரிப்பேன் சார்."

எதுவும் பொய் இல்லை. கைப்பிடி இருந்தால் ஏறுவேன். குப்புறத் திரும்பி, கையை ஊன்றி, பிறகு முழங்காலையும் தொடையையும் பிடித்துப் பிடித்து என் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல எழுந்துவிடுவேன். அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குறைந்த சதவீதம் போட்டுத் தற்காலிகச் சான்று தந்தார்கள். சில வருடம் கழித்து ஒரு தேதியில் மறுமதிப்பீட்டுக்கு வர வேண்டும் என்றும் அதில் இருந்தது. மாத உதவித்தொகை வரத் தொடங்கியது. அப்பா அதை என் படிப்புக்குக் கிடைத்த சம்பளம்போல அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டார்.

அந்தத் தேதி வருவதற்குள் கால்கள் முந்திக்கொண்டன. தலை வாரக் கை உயரவில்லை. மையத்துக்குப் போகும் வழியில் கூட்டுறவுக் கடை முன்னால் ஒருமுறை மடங்கி விழுந்தேன். நானாக எழ முடியவில்லை. பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி கிடைத்தால் வீட்டிலிருந்து மையத்துக்கு நானே போய்வரலாம் என்று விண்ணப்பித்தேன். சான்றில் இருக்கும் சதவீதம் போதாது என்று பதில் வந்தது. மறுமதிப்பீடு வரை காத்திருந்தால் வேலை இருக்காது. முன்கூட்டியே போய், மோசமாகிவிட்டது, இப்போதே பாருங்கள் என்று கேட்க வேண்டும்.

எதிர்வீட்டு ஏழுமலை அண்ணனும் உதவித்தொகை வாங்குகிறவர், போலியோக் கால். விஷயம் தெரிந்ததும் குச்சியை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏ பவித்ரா, நீ படிச்ச பொண்ணுதான், ஒத்துக்கறேன். ஆனா இதுல கம்முனு கெட. நீயா போய் என்னப் பாருங்கன்னு நின்னின்னு வெச்சுக்கோ, பாப்பாங்க. பாத்துட்டு, நல்லாத்தானே கீறன்னு இருக்கறதையும் புடுங்கிக்கினு அனுப்பிடுவாங்க."

"மோசமாயிடுச்சுன்னுதானே அண்ணா சொல்லப் போறேன்?"

"நீ சொல்லுவ. அவங்க எழுதணுமே."

அம்மாவின் பயம் வேறு. "அங்க போனா கண்டதையும் கேப்பாங்க. ஊரே பேசும். ஒனக்கு ஒரு நல்லது நடக்க வாணாமா?" அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, துண்டால் கையைத் துடைத்தபடி, "எழுதிப் போடும்மா" என்று மட்டும் சொன்னார்.

விழுப்புரத்தில் மாற்றுத்திறனாளி அலுவலகத்தில் இருந்த பெண் என் சான்றை மேலும் கீழும் பார்த்தார். "ரிவ்யூக்கு இன்னும் டைம் இருக்குதே. எதுக்கு இப்பவே?"

"முன்ன மாதிரி நடக்க முடியல மேடம்."

"வந்தது எப்படி?"

"பஸ்ல."

"ம்." அந்த 'ம்' எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பிறகு அவர் கடுமையில்லாமலேதான் சொன்னார்: "நிலைமை மோசமாயிடுச்சுன்னு மனு எழுதிக் குடும்மா. ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன். அவங்க என்ன போடுறாங்களோ அதான். கூடவும் போடலாம், கொறைக்கவும் செய்யலாம். அப்புறம் என்னை வந்து கேக்கக் கூடாது." ஊர்க்காரர்களின் மனுக்களை யோசிக்காமல் எழுதும் நான், என் மனுவைப் பலமுறை கிழித்து எழுதினேன். 'என்னால் முடியவில்லை' என்ற வரி வர வேண்டிய இடத்தில் ஒவ்வொரு முறையும் 'சிரமமாக உள்ளது' என்று எழுதியிருந்தேன்.

மருத்துவமனையில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். இந்த நோய் இதயத்தையும் மூச்சுத் தசைகளையும் தொட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் குழு உட்காரும் என்றார்கள். இதயத்துக்கு எக்கோ, வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பார்க்கும் ஸ்கேன் போன்றதுதான், நெஞ்சில் பசை தடவி இதயம் துடிப்பதைத் திரையில் பார்ப்பார்கள். மூச்சுக்கு ஒரு குழாய். மூக்கில் கிளிப் மாட்டி, "ஊது ஊது ஊது, விடாத" என்று ஒருவர் கத்த, கண் பிதுங்கும்வரை ஊத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடைபாதை பெஞ்சில் காத்திருப்பு. பெஞ்சில் உட்காருவது சுலபம்; பெயரைக் கூப்பிட்டதும் எழுவதுதான் பிரச்சினை. அதனால் நான் நின்றுகொண்டே காத்திருந்தேன். "உக்காரும்மா" என்று இடம் விட்டவர்களிடமெல்லாம் "பரவால்லங்க" என்றேன்.

பெண்கள் வார்டுக்குள் அப்பாவை எல்லா நேரமும் விட மாட்டார்கள். பார்வை நேரத்தில் நிலத்திலிருந்து நேராக வருவார், காலில் செம்மண்ணோடு. ஒருநாள் அவித்த வேர்க்கடலையை, எங்கள் ஊர் மல்லாட்டையை, உரித்து, பருப்பை மட்டும் ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தார். பஸ்ஸில் வரும் நேரமெல்லாம் உரித்துக்கொண்டே வந்திருக்கிறார். "வார்டுல மல்லாட்டத் தொப்ப போட்டா திட்டுவாங்க இல்ல, அதான்" என்றார். என் கை தளர்ந்துபோனது அவருக்குத் தெரியும்.

பக்கத்துக் கட்டிலில் கோட்டக்குப்பத்து மும்தாஜ் அக்கா. புருஷன் துபாயில். அவருக்கு வந்தது கில்லன் பாரே. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கிவிடும் நோய். திடீரென்று படுக்கவைத்துவிடும், பெரும்பாலானவர்களுக்கு மெல்லத் திரும்பி வரும். அவருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஒருநாள் கட்டைவிரல் அசைந்தது, இன்னொருநாள் டம்ளர் பிடித்தார். வார்டே கைதட்டியது. நானும் தட்டினேன். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். "பாத்ரூம் போறதுக்கு யாராவது தூக்கிவிடணுமா?"

"இல்ல சார், நானே போயிடுவேன்" என்றது என் வாய்.

"நடப்பா சார்" என்று அம்மாவும் சேர்ந்துகொண்டாள். "கொஞ்சம் மெதுவா நடப்பா, அவ்ளோதான்."

அவர் எழுதிக்கொண்டு நகர்ந்தார். மும்தாஜ் அக்கா தலையணையிலிருந்து தலையைத் திருப்பினார்.

"ஏண்டி, விடியக்கால உங்கம்மா ஒருத்தியை அரிசி மூட்டை கணக்கா தூக்கிக்கினு பாத்ரூம் போனாங்களே, அது யாரு? ஒன்னோட டூப்பா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கு வரவில்லை. "எம்பொண்ணு ஒண்ணுக்கும் ஆவாதவன்னு எழுதிக்கினு போவ நான் வரல" என்றாள்.

"அப்புறம் எதுக்கு வந்தீங்க, டூருக்கா? பெரிய பேஜாரு புடிச்ச குடும்பமா இருக்கே! நானு கை வரல கை வரலன்னு அழுது அழுது ஊசி வாங்கினேன். நீங்க இன்னாடான்னா எல்லாம் வருது வருதுன்னு சொல்லிக்கினு அவரை அனுப்பி வெக்கறீங்க."

அம்மா தண்ணீர் பிடிக்கும் சாக்கில் வெளியே போய்விட்டாள். நான் அன்று முழுதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழுமலை அண்ணன் பயந்ததுபோலவே நடக்கப் போகிறது. ஆனால் டாக்டர்களால் அல்ல. குழுவின் முன்னால் நிற்கும்போது என் வாய் மறுபடியும் 'முடியும் சார்' என்று சொல்லும். பள்ளியில் முதல் பெஞ்சு. யாரால் முடியும் என்று டீச்சர் கேட்டால் மற்றவர்களுக்கு முன்னால் உயர்ந்த கை என்னுடையது. 'மாற்றம் இல்லை' என்று எழுதிவிட்டால் நாற்காலி இல்லை, வேலை இல்லை. மையத்தின் வாசலில் என் பெயரைக் கேட்கிறவர்களும் கொஞ்ச நாளில் வேறு பெயரைப் பழகிக்கொள்வார்கள்.

குழு கூடிய காலை, அம்மா இஸ்திரி போட்ட சுடிதாரை எடுத்து வைத்திருந்தாள். வேண்டாம் என்றேன். ஆஸ்பத்திரியில் கசங்கிக் கிடந்த நைட்டியோடு, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு போனேன். அதற்கே எங்களுக்குள் ஒரு சண்டை.

அறையில் மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்தவர் நரைத்த தலை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். எக்கோ சரியாக இருக்கிறது, மூச்சு கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று மற்றவர்களிடம் சொன்னார். பிறகு என்னிடம், "தரையில உக்காரும்மா" என்றார்.

அம்மா பிடித்து உட்கார வைத்தாள். குளிர்ந்த தரை.

"இப்ப எழுந்து காட்டு."

அம்மாவின் கை தானாக என் இடுப்புக்கு வந்தது. "நீங்க தள்ளி நில்லுங்கம்மா. அவங்களே எழுந்திரிக்கட்டும்." அம்மா சுவர் ஓரம் போய் நின்றாள்.

திரும்பினேன். கையை ஊன்றினேன். முழங்கை நடுங்கி மடங்கியது. தோள் தாங்கவில்லை. மறுபடி ஊன்றினேன். இடுப்பு ஒரு சாண் உயர்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டது. துண்டு நழுவி விழுந்தது. மூன்று ஜோடி காலணிகள் என் கண்ணுக்கு நேராக இருந்தன. என் வாழ்க்கையில் பார்ப்பதற்கென்றே உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்னால் நான் அப்படித் தரையில் கிடந்ததில்லை.

"முடியுதாம்மா?"

"முடியும் சார்" என்றேன். "கொஞ்சம் டைம் குடுங்க."

அவர் கொடுத்தார். அதுதான் மோசம். கொடுத்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். நான் இன்னொரு முறை கையை ஊன்றினேன்.

"சார்." சுவரோரத்திலிருந்து அம்மா. "அவ பொய் சொல்றா சார்."

எல்லாரும் திரும்பினார்கள்.

"அவளுக்கு முடியாதுன்னு சொல்ல வராது சார். சின்னப் புள்ளையில இருந்தே அப்டித்தான். காலைல நான்தான் தூக்கி நிறுத்துறேன். குளிக்க வெக்கறேன், தலை வாரி விடறேன். கட்டில்ல பொரளணும்னாக்கூட என்னத்தான் எழுப்புறா. ராத்திரியில எழுப்பக் கூடாதுன்னு தண்ணி குடிக்காம படுத்துக்கறா, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு." அம்மாவின் குரல் உடையவில்லை. சந்தையில் விலை சொல்வதுபோலச் சொன்னாள். "போன வாட்டி நானும் நல்லா கீறான்னு சொன்னேன் சார். என் வயித்துல பொறந்ததை நானே எப்டி சார் முடியாதுன்னு சொல்லுவேன்? இப்ப சொல்றேன். முடியாது சார் அவளால."

எனக்கு அம்மாமேல் வந்த கோபத்தை என்னால் விவரிக்க முடியாது. கன்னம் எரிந்தது. தண்ணீர் விஷயம்கூடத் தெரியுமா இவளுக்கு?

நரைத்தவர் என்னைப் பார்த்துக் குனிந்தார். "அம்மா சொல்றது சரியாம்மா? நீ சொன்னாத்தான் எழுதுவேன்."

இவ்வளவு தூரம் வந்ததே இந்த ஒரு பதிலுக்காகத்தான். மனு எழுதியதும், ஊசிக்கும் குழாய்க்கும் உடம்பைக் கொடுத்ததும் இதற்காகத்தான். ஆனாலும் இல்லை என்று சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

"சரிதான் சார்" என்றேன். "என்னால எழுந்திரிக்க முடியாது."

அவர் பேனாவை எடுத்தார். இன்னும் நிறையக் கேட்டார். இந்த முறை கைப்பிடி இருந்தாலா, இல்லாமலா, நல்ல நாளிலா, மற்ற நாளிலா என்று நானே பிரித்துப் பிரித்துச் சொன்னேன். ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்தடுத்து வந்துவிடுகிறது. சதவீதத்தை உயர்த்தி எழுதினார். தற்காலிகம் என்பதை நீக்கிவிட்டார். "இனிமே தேதி பார்த்து வர வேண்டியதில்லம்மா" என்றார். உதவித்தொகைக்கு ஆபத்தில்லை, நாற்காலிக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனி தேதி இல்லை என்றால், இது சரியாகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்.

உதவியாளர் ஒருவர் மருத்துவமனைச் சக்கர நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து என்னை ஏற்றி உட்காரவைத்தார். தள்ளப் போனவரை அம்மா தடுத்தாள். "குடுப்பா, நான் தள்றேன்."

அவளுக்குத் தள்ளத் தெரியவில்லை. கதவு நிலையில் ஒருமுறை மோதினாள். "இன்னாடி இது, இழுத்துக்கினு ஒரு பக்கமாவே போவுது?" என்றாள். பிரேக் போட்டிருக்கிறது என்றேன். "படிச்சவ, மின்னாடியே சொல்ல மாட்டியா?" எனக்குள் கோபம் இன்னும் இருந்தது.

வெளியே நடைபாதையில் புறநோயாளிகள் கூட்டம். மாத்திரை வாங்கும் வரிசை சுவரிலிருந்து சுவர்வரை அடைத்திருந்தது. கூட்டத்தில் திண்டிவனத்துப் பக்கத்து முகங்கள் ஒன்றிரண்டு இருக்கும், எப்போதும் இருக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா ஒரு கணம் நின்றாள். திரும்பி வேறு வழியாகப் போவாள் என்று நினைத்தேன்.

"நவுருங்க, நவுருங்க" என்று என் தலைக்கு மேலே அவள் குரல் கிளம்பியது, வயல்வெளியின் அந்தக் கடைசிவரை கேட்கும் குரல். "கொஞ்சம் வழி வுடுங்க! எம்பொண்ணு வர்றா!"